ஐந்தாவது வரியில் சின்னப்பொண்ணுவின் கையெழுத்து

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பாலிடெக்னிக்கின் சர்வர் அறையைக் கவனித்துக்கொள்கிற பெண் அவள். அவள் பெயர் போனில் வந்தாலே எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அது என்னால் கெட்டிருக்காது என்பதும் உறுதி. ஓய்வுக்காலத்தின் சுகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

"ஒண்ணும் கெடலை சார்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "மெஷினையெல்லாம் எடுத்துட்டு கிளவுடுக்குப் போறோம். புதுசா ரெக்வயர்மென்ட் ஷீட் டைப் பண்ணணும். பழைய ஷீட்டுல அஞ்சு வரி இருக்கு. மொத நாலு வரி புரியுது. ப்ராசஸர், மெமரி, டிஸ்க், நெட்வொர்க். அஞ்சாவது வரியில 'பேட்டரியைக் கண்ணால் பார்த்தவர்'னு போட்டு, சின்னப்பொண்ணு அக்கா கையெழுத்து இருக்கு. ஆபீஸ் அட்டெண்டர் எதுக்கு சார் சர்வர் ஷீட்டுல கையெழுத்துப் போடணும்? அந்த வரியை எடுத்துரலாமா?"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான், இதைப் பிரியா மட்டும் படித்தால் போதாது என்று தோன்றியது.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதுக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தேன். அங்கேயே டைப் சொல்லிக்கொடுத்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டர்களை ஓரங்கட்டினார்கள், என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து திருமயம் போகும் சாலையில் இருக்கும் இந்தப் பாலிடெக்னிக்குக்கு லேப் அசிஸ்டெண்டாக வந்தேன். பட்டம் கிடையாது. விரல் வேகம் மட்டும் உண்டு. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் சாமர்த்தியமும் தாராளமாக உண்டு. இந்தச் சாமர்த்தியம்தான் என்னை ஒருநாள் குழியில் தள்ளியது.

எங்கள் சர்வர் அறை என்பது அப்போது ஏழு பழைய கம்ப்யூட்டர்கள் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கொட்டடி. வருகைப்பதிவுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ப்ராக்டிகல் பரீட்சைக்கு ஒன்று, அப்புறம் எதற்கென்று யாருக்குமே தெரியாத, ஆனால் அணைக்கப் பயந்த ஒன்று. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் போய்விட்டு வந்தால் துவைத்துப் பிழிந்த சட்டையோடு வருவேன். அந்த நிலையில்தான் சிஸ்டம்ஸ் மேனேஜராக விசாலாட்சி மேடம் வந்து சேர்ந்தார்.

மேடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். நாம் எதைச் சொன்னாலும் பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பாத்துச் சொல்றீங்களா ராமையா, படிச்சுச் சொல்றீங்களா?"

மெஷினில் எத்தனை ஜி.பி. மெமரி இருக்கிறது என்று கேட்பார். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துப் பதில் சொன்னால் இந்தக் கேள்வி வரும். மூடியைத் திறந்து, உள்ளே செருகியிருக்கும் பட்டையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் பென்சில் காதுக்குத் திரும்பிப் போகும். முதல் ஒரு மாதம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவர் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். ஏழு மெஷினையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு சர்வர். அதில் ஒரு மேலாண்மை மென்பொருள். அதன் உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமோ அத்தனையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். எனக்குத் தலை சுற்றியது. மேடம் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு பெரிய வீட்டை ஆறு போர்ஷனாப் பிரிச்சு வாடகைக்கு விடுறோம்னு வச்சுக்கங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சமையல்கட்டு, தனி மீட்டர். குடியிருக்கிறவர் அதைத் தனி வீடுன்னே நினைச்சுக்குவார். அது வி.எம். கன்டெய்னருங்கிறது ஹாஸ்டல் ரூம் மாதிரி. ரூம் தனி, சமையல்கட்டு எல்லாருக்கும் ஒண்ணு. எடம் கம்மியாப் புடிக்கும், சட்டுன்னு திறக்கலாம், சட்டுன்னு மூடலாம்."

இந்த மென்பொருளுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை அச்செடுத்து என்னிடம் கொடுத்து, வாங்கும் கமிட்டிக்குக் குறிப்பு எழுதச் சொன்னார். 'குறைந்தபட்சம்' என்ற தலைப்பின் கீழ் இருந்ததை அப்படியே டைப் அடித்துக் கொடுத்தேன். எங்கள் கமிட்டிக்கு அந்த ஒரு சொல் போதும். குறைந்தபட்சம் எது என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டார்கள். திருச்சியில் பழைய சர்வர்களைப் புதுப்பித்து விற்கும் ஒரு கடையிலிருந்து மெஷின் வந்தது. நான்கு ஜி.பி. மெமரி, கன கச்சிதம்.

மென்பொருளை ஏற்றினோம். திரை அழகாக வந்தது. முதல் வி.எம்.மை உண்டாக்கி இயக்கச் சொன்னால் இடமில்லை என்றது. பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்தது. மேலே சொன்னது இந்த மென்பொருள் உட்காருவதற்கு மட்டும், உள்ளே ஓடப்போகிற மெஷின்களுக்கு வேண்டியதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும். அதாவது மண்டபத்தில் மேனேஜர் மேசை போடுவதற்கு மட்டும் இடம் வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மேடம் திட்டவில்லை. பென்சிலை உருட்டினார். "கமிட்டிகிட்ட மறுபடி போனா அடுத்த வருசம்தான். கேம்பஸ்ல எந்தெந்த கம்ப்யூட்டர்ல தேவைக்கு மேல மெமரி இருக்கு?" என்றார்.

அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குஷி பிறக்கும். தூசி தட்டும் ஊதுகுழலும் ஸ்க்ரூ டிரைவருமாக நானும் மேடமும் கிளம்பினோம். எங்கள் கல்லூரியில் வேலை குறையக் குறைய கம்ப்யூட்டர் பெரிதாகும். அதிகபட்ச மெமரி இருந்தது கரஸ்பாண்டென்ட் அறையில். கல்லூரியை நடத்துகிறவர் அவர்தான். எட்டு எட்டாக இரண்டு பட்டை. அதில் அவர் செய்தது காலையில் ராசிபலன் பார்ப்பது மட்டும். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தூசியை ஊதினோம், ஒரு பட்டையை உருவிக்கொண்டோம். நூலகத்தில் ஒன்று, ஆபீஸில் இரண்டு, எல்லாமே எட்டு. ஆக முப்பத்திரண்டு. மறுநாள் கரஸ்பாண்டென்ட் என்னை வராந்தாவில் நிறுத்தி, "ராமையா, க்ளீன் பண்ணதுலேருந்து என் சிஸ்டம் பறக்குதய்யா," என்றார். மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் தரையில் நடக்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு கம்ப்யூட்டர் பிறக்கிறது. பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு இன்னொன்று. ஐம்பது வயதைத் தாண்டியவன் பொம்மைக் கடைக்குள் புகுந்த கதைதான். வி.எம்.களுக்கெல்லாம் நான் ஏறும் பஸ் நின்று போகும் ஊர்ப் பெயர்களை வைத்தேன். கன்டெய்னர்களுக்கு கேன்டீன் பலகாரங்கள். வருகைப்பதிவு ஓடுவது போண்டாவில், நூலகம் சுழியத்தில், ப்ராக்டிகல் பரீட்சை நமணசமுத்திரத்தில். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ஆபீஸிலிருந்து போன். "அப்ப நமணசமுத்திரத்தை மொத்தமா அழிச்சிட்டு வேற கட்டிருங்க, அரை மணி நேர வேலைதான்," என்று நான் உரக்கச் சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே மேடம் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். சர்வர் இருக்கும் இரும்பு அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினார். அதுதான் ரெக்வயர்மென்ட் ஷீட். நான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம். ஒன்றில் மென்பொருள் என்ன கேட்கிறது என்று இருக்கும். இன்னொன்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் பார்த்து டிக் அடிக்க வேண்டும். ப்ராசஸர் வரியில் ஒரு விஷயத்தைத் தனியாக அடிக்கோடிட்டிருந்தார். வி.எம். ஓட வேண்டுமென்றால் அந்தத் திறமை ப்ராசஸரில் இருந்தால் மட்டும் போதாது, மெஷினின் அடிப்படை அமைப்பில் அதை நாம் 'ஆன்' செய்து வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பையும் தேதியையும் மறக்காமல் வைத்திருப்பது போர்டில் இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. கால் ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. "பழைய போர்டு ராமையா. பேட்டரியை மூடியைத் திறந்து பாத்துட்டு டிக் போடுங்க," என்று சொல்லியிருந்தார்.

மூடிக்கு ஆறு ஸ்க்ரூ. அதில் ஒன்று மரை தேய்ந்துபோய், சுற்றுமே தவிரக் கழலாது. திறக்க வேண்டுமென்றால் மெஷினை அணைக்க வேண்டும், அணைத்தால் நாலு பேர் போன் செய்வார்கள். நான் திறக்கவில்லை. டிக் மட்டும் அடித்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு டிக். பிறகு இன்னொன்று. மூன்று டிக்கும் நல்ல நீல மையில், டைப் அடித்ததுபோல் அழகாக இருக்கும்.

இப்போது சின்னப்பொண்ணு. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். தினக்கூலியாகச் சேர்ந்து எட்டு வருடம் ஆபீஸ் அட்டெண்டராக இருந்தார். அடுத்த மாதம் அவரை நிரந்தரம் ஆக்குவதாகக் கரஸ்பாண்டென்ட் வாயாலேயே சொல்லியிருந்தார். வாய்த்துடுக்கு அதிகம், கைச்சுத்தம் அதைவிட அதிகம். ஆயுத பூஜை வந்தால் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும் உரிமை அவருடையது. வேறு யாராவது குங்குமத்தைத் தொட்டால், "நீங்க வச்சா கோணலாப் போகும் சார், தள்ளுங்க," என்பார்.

எங்கள் சர்வர் வருடத்துக்கு ஒரு நாள்தான் ஓய்வெடுக்கும், அது ஆயுத பூஜைக்கு. மற்ற நாளெல்லாம் யூ.பி.எஸ். தாங்கிக்கொள்ளும். முந்தைய வருடங்களில் அணைத்துவிட்டு அலமாரியில் இருந்தபடியே பொட்டு வைத்தோம். அந்த வருடம் எனக்கு உற்சாகம் மிஞ்சிப்போய், நமக்குச் சோறு போடுகிற மெஷின், இருட்டு அலமாரிக்குள் வைத்தா கும்பிடுவது என்று சொல்லி, எல்லா வயரையும் பிடுங்கி, மெஷினைத் தூக்கிக்கொண்டுவந்து ஆபீஸ் மேசையில் வாழை இலை மேல் வைத்தேன். இன்டர்நெட் மோடத்தையும் பக்கத்தில் வைத்தேன். சின்னப்பொண்ணு துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். சாம்பிராணி காட்டினார். மாவிலையால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். பொரிகடலை தின்றோம். விடுமுறை முடியும்வரை மெஷின் அங்கேயே இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு இறுதியாண்டுப் பையன்களுக்கு ப்ராக்டிகல் பரீட்சை. வெளியூர் கல்லூரியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். காலை ஒன்பதுக்கு மெஷினை அலமாரியில் ஏற்றி ஆன் செய்தேன். மேலாண்மைத் திரை வந்தது. போண்டா ஓடியது, சுழியம் ஓடியது. கன்டெய்னர் எல்லாம் கனஜோர். நமணசமுத்திரத்தை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. வி.எம். ஓட்டும் திறமை இந்த ப்ராசஸரில் இல்லை.

இல்லையா? போன வாரம் வரை இருந்ததே. அடுத்ததை அழுத்தினேன். அதே வரி. பத்து ஊரையும் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் எழுந்திருக்கவில்லை.

பத்து மணிக்குக் கரஸ்பாண்டென்ட் வந்தார். மெஷின் மேல் சந்தனம் காய்ந்து கிடந்ததைப் பார்த்தார். யாரோ ஒருவர், "தண்ணியெல்லாம் தெளிச்சாங்க சார்," என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"தண்ணி தெளிச்சது யாரு?"

சின்னப்பொண்ணு முன்னால் வந்தார். "நான்தான் சார். ரெண்டே சொட்டு. அதுவும் மூடி மேலதான்."

"எலெக்ட்ரானிக் சாமான்ல தண்ணி தெளிக்கிற ஆள வச்சுக்கிட்டு நான் காலேஜ் நடத்த முடியாதும்மா. நல்லவேளை, ஒங்க பெர்மனென்ட் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடலை. நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சார், மதியம் வரைக்கும் பொறுங்க," என்றார் மேடம். "என்ன ஆச்சுன்னு பாத்துட்டுச் சொல்றோம்."

"பாத்து என்ன ஆகப்போகுது," என்று அவர் தன் அறைக்குப் போனார். சின்னப்பொண்ணு அழவில்லை. குங்குமச் சிமிழை எடுத்து அலமாரியில் வைத்தார், தூக்குவாளியை எடுத்தார், போகும்போது விரல் வைத்துவிட்டுத்தானே போக வேண்டும் என்று வருகைப்பதிவு மெஷினிடம் போனார். என் கையோ மறுபடி மறுபடி நமணசமுத்திரத்தைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"சார், இங்கிட்டு வந்து பாருங்க. தேதி பத்து வருசத்துக்கு முந்தி காட்டுது. அந்த வருசம் நான் இங்க வேலைக்கே வரலை. சேராத ஆள எப்படி சார் நிப்பாட்டுவாரு?"

காலையில் அறுபது பேர் அந்த மெஷினில் விரல் வைத்திருந்தோம். ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மெஷின் தேதியை வாங்குவது சர்வரிடமிருந்துதான். தேதி மறந்திருக்கிறது என்றால் பேட்டரி செத்திருக்கிறது. எப்போதோ செத்திருக்கும். வயர் செருகியே இருந்ததால் அத்தனை நாளும் தெரியவில்லை. நான் வயரைப் பிடுங்கியதும் மெஷின் தேதியை மறந்து, வி.எம். அமைப்பையும் மறந்து, 'ஆஃப்' ஆகிவிட்டது. கன்டெய்னர்களுக்கு அந்த அமைப்பு தேவையில்லை, அதனால் அவை மட்டும் ஓடுகின்றன. இன்டர்நெட் இருந்தால் தேதியாவது தானாகத் திருந்தியிருக்கும். மோடமோ இன்னும் வாழை இலையில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

மெஷினைத் திரும்பத் தொடங்கி, அடிப்படை அமைப்புக்குள் போய், 'ஆஃப்' என்றிருந்ததை 'ஆன்' என்று மாற்றினேன். தேதியைச் சரி செய்தேன். ஐந்தே நிமிடம். நமணசமுத்திரம் எழுந்தது, வரிசையாக எல்லா ஊரும் எழுந்தன. அறையில் கைதட்டல். நானும் தட்டினேன், குதிக்காத குறைதான். சத்தம் கேட்டுக் கரஸ்பாண்டென்ட் வந்தார்.

"ஓடுதா? தண்ணி காஞ்சிருச்சு போல. பரீட்சை பொழைச்சுது," என்றார். பிறகு வாசலில் நின்ற சின்னப்பொண்ணுவைப் பார்த்து, "நான் சொன்னது சொன்னதுதாம்மா," என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிடம் வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் அன்றைய நாயகன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது, பட்டம் இல்லாதவனை வெளியே அனுப்ப ஒரு காரணம் போதும். பேட்டரி விஷயம் வெளியே வந்தால் அலமாரிக் கதவைத் திறப்பார்கள். திறந்தால் என் மூன்று நீல டிக் இருக்கிறது. பயந்தேன், அதை மறைப்பதற்கில்லை. சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்ன அசைவுதான் என் வாயைத் திறந்தது.

"தண்ணி இல்ல சார். பேட்டரி. தப்பு என்னோடது," என்றேன்.

மேடம் எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்தார். மூன்று டிக்கையும் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "பாத்துப் போட்டதா ராமையா?"

"பாக்காமப் போட்டது மேடம். மூணும்."

சொன்னதும் எனக்குள் ஏதோ பிடி விட்டு, உடம்பு லேசானது. அந்த வேகத்தில், "அது மட்டுமில்ல சார், உங்க கம்ப்யூட்டர்லேருந்து ஒரு..." என்று ஆரம்பித்துவிட்டேன். மேடம் என் காலை ஓங்கி மிதித்தார். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கரஸ்பாண்டென்ட் நம்பவில்லை. "அந்தம்மாவக் காப்பாத்தச் சொல்றீங்க. தண்ணியா பேட்டரியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"செஞ்சு காட்டுறோம் சார்," என்றார் மேடம். மணி பன்னிரண்டரை.

மரை தேய்ந்த ஸ்க்ரூவைக் கொறடால் பிடித்துத் திருகி எடுத்தேன். ஒன்றரை வருடம் என்னை ஏமாற்றிய ஸ்க்ரூ மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. உள்ளே தண்ணீர்க் கறை இல்லை, தூசிதான் இருந்தது. பேட்டரியைக் கழற்றி வோல்ட் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. புதுப் பேட்டரி வாங்கத் திருமயம் போய்வர நேரமில்லை. மூளை அன்றைக்கு எக்கச்சக்க வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரஸ்பாண்டென்ட்டிடம் கையை நீட்டினேன்.

"சார், கார் சாவியைக் குடுங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார். நான் கிளம்பி ஓடப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். ரிமோட் சாவிக்குள் இருப்பதும் அதே வட்டப் பேட்டரிதான் என்று மேடம் விளக்கிய பிறகு, சாவியை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தார்.

முதலில் பழைய பேட்டரியோடு வயரைப் பிடுங்கிச் செருகினோம். தேதி பத்து வருடம் பின்னால் போனது. வி.எம். எழவில்லை. பிறகு கார் சாவிப் பேட்டரியைப் போட்டு, அமைப்பைச் சரி செய்து, வயரைப் பிடுங்கிச் செருகினோம். தேதி நின்றது. பத்து ஊரும் எழுந்தன. கரஸ்பாண்டென்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இன்னும் சந்தேகம் இருக்கப்படாது," என்று சின்னப்பொண்ணு உள்ளே வந்தார். சிமிழையும் மாவிலையையும் கொண்டுவந்திருந்தார். மூடியை மூடச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் மேல் இரண்டு சொட்டுத் தெளித்தார். நடுவில் குங்குமம் வைத்தார். மெஷின் பாட்டுக்கு ஓடியது. "கோணலா இருக்கா சார்?" என்று கரஸ்பாண்டென்ட்டையே கேட்டார்.

அவர் குனிந்து பொட்டைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்பென்று தெரிந்தது. அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. எக்ஸாமினர் ஒன்றே முக்காலுக்கு வந்தபோது, பரீட்சை நடத்த வந்த இடத்தில் இவ்வளவு பேர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குழம்பிப்போய் நின்றார்.

மாலை நான்கு மணிக்குக் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன். "நீங்க டைப்பிங் ஹையர்தானேய்யா?" என்றார். "அந்தம்மாவோட பெர்மனென்ட் ஆர்டர இப்பவே அடிங்க. நான் போறதுக்குள்ள கையெழுத்துப் போடணும். ஒரு தப்பு வந்தா ஒங்களை விட மாட்டேன்." என் வாழ்நாளில் நான் அடித்த டைப்புகளில் அதைப்போலச் சுத்தமான பக்கம் வேறு இல்லை. அடித்ததை மூன்று தடவை படித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பார்த்தேன்.

மறுநாள் காலை மேடம் என் மூன்று டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே தன் கையால் ஐந்தாவது வரியை எழுதினார். பேட்டரியைக் கண்ணால் பார்த்தவர். என்னை அங்கே கையெழுத்துப் போட விடவில்லை. கரஸ்பாண்டென்ட் கையெழுத்துக்கு முன்னால் சின்னப்பொண்ணுவின் கையெழுத்து இருந்தால்தான் அந்தத் தாள் செல்லும் என்று ஆர்டரே போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றுவேன், அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார், வோல்ட் என்ன என்று கேட்பார், முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதுவார். மேடம் சென்னைக்குப் போன பிறகும், நான் வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது.

இவ்வளவையும் எழுதிப் பிரியாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"சூப்பர் சார். ஆனா கிளவுடுல பேட்டரியே கிடையாதுல்ல சார்."

"பேட்டரி இல்லாம இருக்காதும்மா. எங்கயோ ஒரு மெஷின் இருக்கும். அதோட பேட்டரிய எவரோ ஒருத்தர் பாக்கணும். அவர் டிக் எப்படிப்பட்டதுன்னு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

சரி, பழைய ஆர்டர் இருக்கும்வரை அந்த வரியும் இருக்கட்டும், அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன், நாளைக்குத் தாள் போக வேண்டும் என்றாள்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு மறுபடி போன் வந்தது. குரலே சரியில்லை.

"சார், அக்கா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. மெஷினைக் காட்டுங்கிறாங்க. கரஸ்பாண்டென்ட் சாரும் அவங்க போடாம நான் போட மாட்டேன்னு ஒக்காந்திருக்காரு. நீங்களே பேசுங்க சார்."

போன் கை மாறியது.

"சார், நல்லாருக்கீங்களா? வீட்டுல நல்லாருக்காங்களா?" என்றார் சின்னப்பொண்ணு. "ஒரு தாளைக் கொண்டாந்து நீட்டுது இந்தப் புள்ள. மெஷினு எங்கம்மான்னா மேல இருக்குங்குது. எந்த ஊருன்னா தெரியாதுங்குது. யாரு பாத்துக்கிறாங்கன்னா அதுவும் தெரியாதாம். நான் டார்ச்சைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பாக்காமப் போட்டா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாததா சார்?"

"தெரியும்," என்றேன்.

"அப்ப போடவா, வேணாமா?"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"போடாதீங்க," என்றேன்.